புல்விதையும் முதல் மழையும்

கொங்கு நாட்டின் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை வேலியிட்டுக் காக்கப்படும் மானாவாரி மேய்ச்சல் நிலம் கொறங்காடு எனப்படுகிறது. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்து வளரும் இந்நிலங்களே காங்கேயம் மாடுகளைத் தலைமுறைகளாகப் புரந்து வந்துள்ளன. ஆனால் இங்கு பெய்யும் மழை குறைவு. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் அடங்கிவிடுவதால், புல்விதை பிழைப்பதும் மடிவதும் அந்நாட்களில் மேல்மண் எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதைச் சார்ந்தே அமைகின்றன. தீவனப்பயிர் விதைகளுக்குப் பூச்சு இடும் தொழில்நுட்பத்தின் பயனை இந்தச் சில மணி நேரங்களை வைத்தே மதிப்பிட வேண்டும்.

விதை முளைப்பது மூன்று கட்டங்களில் நிகழ்கிறது. உலர்ந்த விதை முதலில் நீரை வேகமாக உறிஞ்சிப் பருக்கிறது. இது உள்ளீர்த்தல் எனப்படும், உயிரற்ற விதையிலும் நடக்கக்கூடிய நிகழ்வாகும். அடுத்து நீர் ஏற்பது ஏறத்தாழ நின்றுபோக, உள்ளே நொதிகள் விழித்தெழுந்து, சேமித்த உணவைச் சிதைத்துக் கருவுக்கு ஊட்டத் தொடங்குகின்றன. மூன்றாவதாக முளைவேர் விதையுறையைக் கிழித்து வெளிவருகிறது. மண் வறண்டிருக்கும்போது பெரும்பாலும் தடைபடுவது முதற்கட்டம் அன்று. இரண்டாம் கட்டமே நீண்டுகொண்டு போகிறது. ஏனெனில் முளைவேர் நீள்வதற்குத் தேவையான உள்ளழுத்தம் உருவாவதில்லை. அத்துடன் முளைப்பைத் தூண்டும் ஜிப்பெரெல்லின் என்னும் வளரூக்கியை, முளைப்பை அடக்கும் அப்சிசிக் அமிலம் மேலோங்கிவிடுகிறது.

மண்ணில் நீர் இருப்பது வேறு, அந்நீர் விதைக்குக் கிடைப்பது வேறு. மண் துகள்கள் நீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்துள்ளன என்பதை நீரியல் திறன் என்னும் அளவால் குறிப்பர். தூய நீருக்கு இது சுழியம். மண் உலர உலர எதிர்மதிப்பில் இறங்கி, பல பயிர்கள் மீள முடியாமல் வாடும் நிலையில் ஏறத்தாழ எதிர்மறை 1.5 மெகாபாஸ்கலை எட்டுகிறது. ஆய்வகத்தில் இவ்வறட்சியை உண்டாக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பெருமூலக்கூற்றுப் பொருளை நீரில் கரைத்து, அக்கரைசலில் நனைத்த தாளின்மேல் விதைகளைப் பரப்புவார்கள். அம்மூலக்கூறுகள் செல்லுக்குள் நுழையாமல் வெளியே இருந்தபடி நீரைத் தடுப்பதால், உப்புக் கரைசலில் ஏற்படும் நச்சுத்தன்மையின் குறுக்கீடு இதில் இருப்பதில்லை. ஒவ்வொரு விதைக்கும் ஓர் அடித்தள மதிப்பு உண்டு, அதற்குக் கீழே அது முளைப்பதே இல்லை. அம்மதிப்பு எதிர்மறை 1 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், தூய நீரில் 2 நாட்களில் முளைக்கும் விதை, எதிர்மறை 0.5 மெகாபாஸ்கல் வறட்சியில் 4 நாட்கள் எடுத்துக்கொள்ளும். கோடை வெயிலில் மேல்மண்ணின் ஈரம் ஓரிரு நாட்களே தங்கும் என்பதை நினைத்தால், இந்த இரு நாள் தாமதம் எத்தனை கொடியது என்பது விளங்கும்.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. முளைவேர் வெளிவரும் வரை விதையால் மீண்டும் உலர்ந்து உயிர்காக்க முடியும். வெளிவந்த பின் அத்திறன் விரைவில் அற்றுப்போகிறது, ஆகவே அதன் பிறகு நேரும் வறட்சி நாற்றைக் கொன்றுவிடும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிச் சோளத்துக்குப் பரிந்துரைக்கும் விதைக் கடினப்படுத்துதல் இந்த மீளும் திறனையே பயன்படுத்துகிறது: 2 விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் மீண்டும் உலர்த்தும்போது, முளைப்புக்கான முன்னேற்பாடுகள் பாதி முடிந்த நிலையில் விதை உறங்கப் போகிறது. மழைக்கு முன்பே விதைக்கும் புழுதி விதைப்பில் சோளத்தை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இடுவதும் காரணமுள்ள செயலே. சிறு தூறல் அவ்வளவு ஆழம் இறங்காது, நல்ல மழை மட்டுமே விதையைத் தொடும்.

புல்விதைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கொழுக்கட்டைப்புல்லின் விதையில் உள்ள உணவுச் சேமிப்பு மிகச் சிறிது. ஆழமாக இட்டால் குருத்து மேலே வருமுன் உணவு தீர்ந்துபோகும் என்பதால் மேல்மண்ணிலேயே, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் தூவ வேண்டும். அங்கோ முதலில் நனைவதும் முதலில் காய்வதும் ஒரே மண். போதாக்குறைக்கு அவ்விதை முட்கள் போன்ற மென்மயிர்களால் சூழப்பட்டிருப்பதால் காற்றில் பறக்கிறது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது, மண்ணோடு ஒட்டுவதுமில்லை. எனவே சோளத்துக்கு ஆழம் செய்துதரும் வேலையைப் புல்விதைக்குப் பூச்சே செய்ய வேண்டியிருக்கிறது.

களிமண், சாணம், மணல் ஆகியவற்றைச் சேர்த்துப் புல்விதையை உருண்டையாக்குவது வறண்ட நிலங்களில் அறியப்பட்ட முறை. தொழிற்சாலைப் பூச்சில் சுண்ணாம்புத் தூள் அல்லது களித்தூள் ஒட்டுப்பொருளால் பிணைக்கப்படுகிறது. பயறு வகைத் தீவனமாயின் அதனுள் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரும் சேர்க்கப்படுவதுண்டு, இதையே நம் உழவர்கள் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து தட்டைப்பயற்றுக்குத் தடவுகின்றனர். குதிரைமசால் விதை ஒரு கிலோவில் ஏறத்தாழ 5 இலட்சம் இருக்கும். பூச்சு எடையில் மூன்றிலொரு பங்கானால், அதே கிலோவில் மூன்றிலொரு பங்கு விதை குறைந்துவிடும். வாங்குவோர் இதைக் கணக்கில் கொண்டே விதையளவை முடிவு செய்தல் வேண்டும்.

நீரைப் பன்மடங்கு உறிஞ்சும் கூழ்மப் பொருளைப் பூச்சில் சேர்த்தால் விதை வறட்சியை வெல்லும் என்று கூறப்படுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. நல்ல மழைக்குப் பின் அக்கூழ்மம் ஈரத்தைத் தாங்கி உதவுகிறது. மழை குறைவாக இருந்தாலோ அது விதைக்குரிய நீரையே முதலில் குடித்துவிடுகிறது, மழை மிகுந்தாலோ நனைந்து தடித்த உறை உயிர்வளியைத் தடுக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, சிறு தூறலின் ஈரத்தைப் பிடித்துவைத்து முளைவேரை வெளியே இழுத்துவிட்டு, அடுத்த மழை வருமுன் நாற்றைத் தனித்து விடுவதாகும். ஈரத்தாளின்மேல் 7 நாளில் கணக்கெடுக்கும் முளைப்பு விழுக்காடு இவ்வாபத்தைக் காட்டாது. வயலில் 30 நாள் கழித்து நிற்கும் நாற்றுகளை எண்ணினால்தான் பூச்சின் தரம் தெரியும்.

காட்டுப்புல் தன் விதைகளை ஒரே மழைக்கு ஒப்படைப்பதில்லை. புதிதாக உதிர்ந்த கொழுக்கட்டைப்புல் விதைகள் சில மாதங்கள் உறக்கத்தில் கிடந்து, அவற்றுள் சில முதல் மழைக்கும் மற்றவை அடுத்தடுத்த மழைக்கும் முளைக்கின்றன. முயல்மசால் விதையின் கடினத்தோலும் இதே வேலையைச் செய்கிறது, அதனால்தான் விதைக்குமுன் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடம் வைத்து அத்தோலை இளக்குகிறார்கள். மழை நிச்சயமில்லாத கொறங்காட்டில் எல்லா விதையையும் இளக்காமலும், எல்லாவற்றுக்கும் பூச்சிடாமலும், பூசியதையும் பூசாததையும் கலந்து தூவுவதே தக்கது. ஒரு பங்கு முதல் தூறலை நம்பி மடிந்தாலும் மறுபங்கு கார்த்திகை மழைக்காக மண்ணில் காத்திருக்கும்.