அனல் ஏறும் வயது: மாதவிடாய் நிற்கும் காலத்தில் டெல்டா பெண்கள் அறிய வேண்டியவை

வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது தஞ்சை டெல்டாவில் வெயில் தணிந்திருக்காது. குறுவை நடவு நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வயலில் தேங்கிய நீரே மதியத்தில் காலைச் சுடும். இளையவர்கள் திருப்பூருக்கும் நகரத்துக் கடைகளுக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊர்களில், குனிந்து நாற்று நடுபவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள்.

அவர்களில் பலருக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே, விடியற்காலையில் நாற்றங்காலில் நிற்கும்போதே, நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகம்வரை குப்பென்று அனல் ஏறுகிறது. வேர்வை கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடத்தில் அடங்கி, பின் உடம்பு சில்லிட்டுப் போகிறது. "சூட்டு உடம்பு", "வயசாயிடுச்சு" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிகிறார்கள். இந்த அனல் ஏன் வருகிறது என்பது மருத்துவத்துக்குத் தெரியும். தணிக்க வழிகளும் இருக்கின்றன. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். உடல் சற்றுச் சூடானாலும் சற்றுக் குளிர்ந்தாலும் அது உடனே பதறிவிடாது. ஓரளவு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, ஹைப்போதலாமஸில் உள்ள ஒருவகை நரம்பணுக்கள் கட்டுமீறித் தூண்டப்படுகின்றன. அந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. இம்மியளவு வெப்பம் கூடினாலே போதும், மடையைத் திறந்துவிட்டது போல தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் தோலுக்குப் பாய்ந்து, வேர்வை பெருகுகிறது. உடல் தன்னைக் குளிர்விக்க எடுக்கும் இந்த அவசர முயற்சியைத்தான் அனலாக உணர்கிறோம்.

பெரும்பாலும் ஒரு தடவை வந்தால் ஒன்று முதல் ஐந்து நிமிடம் நீடிக்கும். சிலருக்கு நாளில் ஓரிரு முறை, சிலருக்குப் பத்து முறைக்கு மேல். இரவில் வந்தால் ஜாக்கெட் நனைந்து தூக்கம் கலையும். தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல், மறதி, அசதி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எப்போது தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும்?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று பொருள். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 46 வயதை ஒட்டி. அனல் ஏறுவது அதற்கும் முன்பே, மாதவிடாய் தள்ளியும் நெருங்கியும் வரும் நாட்களிலேயே தொடங்கிவிடும்.

ஓராண்டில் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, அடிக்கடி அனல் ஏறும் பெண்களுக்கு இது நீடிக்கும் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டு. ஏழு ஆண்டு தூக்கமில்லாமல் உழைப்பது சின்ன விஷயம் இல்லை.

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிவதால் அனல் சட்டென்று, கடுமையாக வரும். அறுவை சிகிச்சைக்கு முன்பே "சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதை இயல்பு என்று விட்டுவிடாமல் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பும் இதயமும் அதனால் முன்கூட்டியே பாதிக்கப்படும்.

வெளியே வெயில், உள்ளே அனல்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. கடலோர ஈரக்காற்று நிறைந்த டெல்டாவில் வேர்வை எளிதில் உலராது. உலராத வேர்வை உடலைக் குளிர்விக்காது. அந்தப் புழுக்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு உள்ளிருந்தும் அனல் ஏறினால் சுமை இரட்டிப்பாகிறது.

இதோடு இன்னொரு கொடுமையும் சேர்கிறது. வயலில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்பும் தலைச்சுற்றலும் மயக்கமும் அதன் விளைவுகள். இதைத் தனி ஒரு பெண்ணால் சரிசெய்ய முடியாது. நடவுக்கு ஆள் வைப்பவர்களும், நூறு நாள் வேலையை நடத்துபவர்களும், ஊராட்சியும் நிழலுக்கும் குடிநீருக்கும் மறைவிடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டு சூட்டையும் பிரித்தறிவது உயிர் காக்கும். மாதவிடாய் நிற்கும் கால அனல் சில நிமிடத்தில் தானே அடங்கும். வெயிலால் வரும் பாதிப்பு, வெயிலில் நிற்க நிற்க அதிகமாகும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலுக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. "வேர்க்கிறதே, அதனால் ஆபத்தில்லை" என்றும் இருந்துவிடக் கூடாது. வேலை செய்யும்போது வரும் வெப்பத்தாக்கில் வேர்வையும் இருக்கலாம்.

வேறு நோயாகவும் இருக்கலாம்

நாற்பதைத் தாண்டியவருக்கு வேர்க்கிறது என்றாலே மாதவிடாய்க் காரணம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இவற்றைக் கவனியுங்கள்:

- இரவு வேர்வையோடு மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உடல் மெலிவு: காசநோய்ப் பரிசோதனை வேண்டும்.
- தொடர்ந்த படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல்: தைராய்டு பார்க்க வேண்டும்.
- சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு வேர்வை, நடுக்கம், கடும் பசி: சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுத்து, பிறகு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
- வேர்வையோடு நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கை வலி, மூச்சுத் திணறல்: மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.
- மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதனை கட்டாயம். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

வயலிலும் வீட்டிலும் செய்யக்கூடியவை

அனல் ஏறும்போது வரப்பேறி நில்லுங்கள். தலைத்துண்டைத் தளர்த்தி, பிடரியிலும் மணிக்கட்டிலும் முகத்திலும் தண்ணீர் தெளித்து, சில மடக்குத் தண்ணீர் குடித்து, மூச்சை நிதானமாக இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கூலிக் குறைவாகக் கணக்கிடாத மனம் ஆள் வைப்பவர்களுக்கு வேண்டும்.

நடவுக்குப் போகும்போது புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அது தளர்ந்த பருத்திச் சட்டையாக இருக்கட்டும். சிந்தடிக் புடவையும் நைலான் நைட்டியும் காற்றை விடாது. காலையில் நீராகாரம், இடையில் மோர் என்பது நல்ல பழக்கம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் கோடையில் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காங்கிரீட் கூரை போட்ட தொகுப்பு வீடுகள் பகல் வெயிலை உறிஞ்சிக்கொண்டு இரவில் வெளியிடும். மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பதும், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், பாயில் பருத்தித் துணி விரித்துப் படுப்பதும் தூக்கத்துக்கு உதவும். மாற்று ஜாக்கெட்டும் ஒரு சொம்புத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

இவை எல்லாம் அவஸ்தையைக் குறைக்கும். அனல் வரும் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே, "இவ்வளவு செய்தும் சரியாகவில்லையே" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உடல் எடை அதிகமுள்ளவர்கள் எடையைக் குறைத்தால் அனல் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

"சூட்டு உணவு" என்ற பயமும் வெற்றிலைப் பெட்டியும்

உடம்பு தகிக்கிறது என்றதும் முதலில் நிறுத்தப்படுவது முட்டையும் மீனும்தான், "சூடு" என்று சொல்லி. ஈஸ்ட்ரோஜன் குறையும் இந்த வயதில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் குறைகிறது. புரதத்தை நிறுத்துவது இரண்டையும் மேலும் கெடுக்கும். முட்டை, நெத்திலி, பயறு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, தயிர் எல்லாம் தட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் காபி, காரம், மது ஆகியவை சிலருக்கு அனலைத் தூண்டும். எது தூண்டுகிறது என்று கவனித்து அதை மட்டும் குறைத்தால் போதும்.

கும்பகோணம் வெற்றிலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் வெற்றிலையோடு சேரும் பாக்கிலும் புகையிலையிலும்தான் சிக்கல். பாக்கிலுள்ள அரெகோலின் என்ற பொருளே உடலில் சூட்டையும் வேர்வையையும் படபடப்பையும் உண்டாக்கும். வேலை அலுப்புக்குப் போடும் பாக்கு அனலைக் கூட்டுவதை அறியாமலே பலர் மெல்கிறார்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பதையும் சேர்த்து நினைத்தால், விடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மருந்துகள்: பயமும் உண்மையும்

இந்த அனலுக்கு மிகச் சிறந்த மருந்து, குறைந்துபோன ஹார்மோனைச் சிறு அளவில் திருப்பிக் கொடுப்பதே. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்தே தர வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும்.

"ஹார்மோன் என்றால் புற்றுநோய்" என்ற பயம் 2002-இல் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோயும் ரத்தக் கட்டும் பக்கவாதமும் சற்றுக் கூடியதால் அந்த ஆண்டு நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது செய்தியில் பின்னுக்குப் போய்விட்டது. 60 வயதுக்குள்ளோ, மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள்ளோ தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

அவர்களுக்கும் வழி உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் அனலைத் தணிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் எடுப்பவர்களுக்குப் பராக்ஸெடின் கூடாது. அது டாமோக்சிஃபெனின் பலனைக் குறைத்துவிடும். இரவு வேர்வைக்குக் கபாபென்டின் உதவும். மூளையின் அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. எண்ணங்களைச் சீர்படுத்தும் மனநல ஆலோசனை, அனல் தரும் தொல்லையையும் தூக்கக் கேட்டையும் குறைக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். இந்த மருந்துகள் எதையும் கடையில் நேரடியாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பெயர் தெரியாத லேகியங்களுக்கும் இதுவே பொருந்தும்.

எங்கே போவது, எப்படிக் கேட்பது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு. மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அரசு ராசா மிராசுதார் மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, நாளில் எத்தனை தடவை அனல் ஏறுகிறது, இரவில் எத்தனை தடவை விழிக்கிறீர்கள், வேலை கெடுகிறதா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த மகளோ மருமகளோ ஒரு வாரக் கணக்கைக் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வீட்டு ஆண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தூக்கமில்லாத மனைவியின் எரிச்சலைக் குணக்கேடாகப் பார்க்காமல், காலை அடுப்பு வேலையில் பங்கெடுப்பதும் மருத்துவமனைக்குக் கூட வருவதும் பெரிய உதவி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் "அனல் ஏறுதா அக்கா, ராத்திரி தூங்குறீங்களா?" என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை. அந்தக் கேள்வி வரும்வரை காத்திராமல், அடுத்த முறை பிரஷர் மாத்திரை வாங்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.