லீசை நீட்டிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாத வாடகைக்கு வீடு தேடுகிறவர்களைப் போலவே 'லீசுக்கு ஏதாவது இருக்கா?' என்று தேடுகிறவர்களும் உண்டு. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகளின் படிப்பை வைத்து இங்கே குடிவருவார்கள். நகையை விற்றோ ஊர் நிலத்தை விற்றோ திரட்டிய சில லட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் ஏற்பாடு. ஒத்தி, போக்கியம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

சிக்கல் பெரும்பாலும் முதல் கெடு முடியும்போது தொடங்குகிறது. வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் எப்போதோ செலவழித்திருப்பார். "இன்னும் ரெண்டு வருஷம் இருங்க, பொரட்டித் தந்துடறேன்" என்பார். பழைய பத்திரத்தின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீட்டிப்பு முடிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆயுள் சேமிப்பு முழுவதும் அந்த நான்கு வரியில் தொங்குவதை நினைத்தால் பதறுகிறது.

பத்திரத்தில் 'லீஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. மொத்தத் தொகைக்கு ஈடாக வீட்டை அனுபவித்து, பணம் வந்ததும் வீட்டைத் திருப்பித் தருவது என்றால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் சொல்லும் சுவாதீன அடமானத்தின் இலக்கணம் அதில் இருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. வாடகைக் குத்தகையாகவே எழுதினாலும் ஓராண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். பதிவாகாத பத்திரம், வீட்டின் மீது உங்களுக்கு உரிமை இருப்பதை நிரூபிக்க உதவாது.

பதிவான ஒத்தி என்றால் நிலைமை வேறு. கெடு முடிந்துவிட்டது என்பதற்காக வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. பணம் கைக்கு வரும்வரை இருக்கலாம். அதனால் 'பழசை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். முதல் ஒத்திக்குப் பிறகு வீட்டுக்காரர் வங்கியில் கடன் வாங்கியிருந்தால், ரத்து ரசீதில் நீங்கள் கையெழுத்திட்ட நொடியில் வங்கி முன்னால் போய்விடும், நீங்கள் பின்னால் நிற்பீர்கள். பழைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு, அது தொடர்வதாகச் சொல்லும் நீட்டிப்பு ஆவணத்தை எழுதிப் பதியுங்கள்.

வங்கி அடமானத்தில் உள்ள வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் எல்லை உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி, பொதுவாக அப்படிப்பட்ட வீட்டுக்கு மொத்தத் தொகை வாங்கக்கூடாது, முன்பணமாக வாடகை பெறக்கூடாது, புதுப்பித்துத் தருவதாக நிபந்தனையும் எழுதக்கூடாது. வாராக் கடனை வசூலிப்பதற்கான சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது, பதிவில்லாத காகிதத்தைக் காட்டி நீண்ட காலம் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் பஜ்ரங் அகர்வால் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது.

எனவே ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் வில்லங்கச் சான்றைப் புதிதாகப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அசல் கிரயப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் காலமாகியிருந்தால் ஒரு மகன் மட்டும் கையெழுத்திட்டால் போதாது, வாரிசுகள் எல்லோரும் வேண்டும். உரிமையாளருக்குப் பதில் இடைத்தரகர் எழுதிக்கொடுத்தால் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரத்தைக் கேளுங்கள். உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, குடிவருபவரிடம் லட்சக்கணக்கில் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு மறையும் மோசடி பெருநகரங்களில் நடந்திருக்கிறது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கடலூர்க்காரர்கள் இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. சுவர் இடிந்தால், மோட்டார் மூழ்கினால் செலவு யாருடையது என்பது பத்திரத்தில் இருக்கட்டும்.

பணம் திரும்பி வராவிட்டால் முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பதிவில்லாத கைமாற்றுப் பணம் போன்ற கோரிக்கைக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் காலவரம்பு. அதற்குள் வீட்டுக்காரர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே 'தர்றேன் தர்றேன்' என்ற வாய்ப்பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிந்தால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசியில் கேட்க 15100.

பதிவுக்கு ஆகும் முத்திரைத்தீர்வையைப் பார்த்துத் தயங்காதீர்கள். பீரோவில் இருக்கும் பத்திரத்தை இன்றே எடுத்து, கெடு தேதியையும் பதிவு எண்ணையும் பாருங்கள். எண் இல்லாவிட்டால், கெடு முடியும்வரை காத்திருக்காமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் நாளை வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.