பீருக்கும் நோய் வரும்

நுரைக்கும் வரலாறு – 11

1876-ல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பீர் கெட்டுப்போவதை அதில் அவர் 'நோய்' என்றே சொன்னார். புளித்த பீரையும் கலங்கிய பீரையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர், ஈஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு நுண்ணுயிரிகளே நோய்க்குக் காரணம் என்று காட்டினார்.

அடுத்த அடி கோபன்ஹேகனில். 1883-ல் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பீர் சுவை கெட்டது. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பாக்டீரியாவின் மேல் மட்டும் பழி போட முடியாது, ஈஸ்ட் கூட்டத்துக்குள்ளேயே கறுப்பாடுகள் உண்டு என்று கண்டுபிடித்தார். நல்ல ஈஸ்ட்டின் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்த்தெடுத்த ஈஸ்ட் அந்த நவம்பரில் ஆலைக்குள் வந்தது. முதலாளி யாகோப்சன் அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். இன்று கடையில் வாங்கும் ஈஸ்ட் பாக்கெட்டுக்கு மூலம் அந்த முறைதான்.

வீட்டில் பீர் காய்ச்ச 1963-ல் பிரிட்டனும் 1978-ல் அமெரிக்காவும் வழிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். நல்ல ஈஸ்ட் கையில் இருந்தும், பாஸ்டர் சொன்ன நோய்கள் அந்த வீட்டு அடுக்களைகளுக்குள்ளும் புகுந்தன. புதிதாகக் காய்ச்சுபவர்கள் முதலில் பதறுவது கலங்கலைப் பார்த்துத்தான். ஆனால் பீர் விஷயத்தில் கண்ணைவிட மூக்கே நல்ல நீதிபதி.

கலங்கலில் பெரும்பாலானவை சாது. ஃபிரிட்ஜில் வைத்தால் மங்கி, வெளியே வைத்தால் தெளிந்தால், அது குளிர்க்கலங்கல். பார்லியின் புரதமும், உமியிலும் ஹாப்ஸிலும் இருந்து வந்த பாலிஃபீனாலும் குளிரில் கைகோத்துக்கொள்கின்றன. சூடு ஏறியதும் பிரிந்துவிடுகின்றன. சுவைக்குக் கேடில்லை. தெளிவாகத்தான் வேண்டும் என்றால் மால்ட் சாற்றை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வேகமாக ஆறவைக்க வேண்டும். கொதியின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியைச் சேர்த்தால், அது புரதத்தைத் திரட்டிக் கீழே இறக்கும்.

ஈஸ்ட் மிதப்பதால் வரும் கலங்கல் சில நாள் குளிரில் வைத்தாலே படிந்துவிடும். பிரிட்டனில் இதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைச் சேர்ப்பது பழைய வழக்கம். சைவர்கள் ஆட்சேபித்த பொருள் இது. இதைக் கைவிடப்போவதாக 2015-ல் கின்னஸ் அறிவித்தது. பவேரியாவின் கோதுமை பீரிலோ ஈஸ்ட் மிதப்பதுதான் அழகு. பாட்டிலின் அடியில் தங்கியதையும் சுழற்றி ஊற்றிக் குடிப்பார்கள்.

இன்னொன்று மாவுச்சத்து. ஒரு தட்டில் சில சொட்டுப் பீர் விட்டு, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். கருநீலமாக மாறினால், ஊறவைத்த தானியத்தின் மாவு முழுதாகச் சர்க்கரையாகவில்லை. அடுத்த முறை 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் நிதானமாக ஊறட்டும்.

இனி மூக்கின் வேலை. வாடை எதுவென்று தெரிந்தால், பிழை எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

வேகவைத்த மக்காச்சோள வாடையா? பிழை அடுப்பில். மூடி போட்டுக் கொதிக்கவைத்ததால் வெளியேற வேண்டிய கந்தகச் சேர்மம் உள்ளேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாடையா? தண்ணீரில் குளோரின். கேம்ப்டன் மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டர் தண்ணீரைச் சரிசெய்துவிடும்.

வெண்ணெய் வாடை வந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். டைஅசிட்டைல் என்ற அந்தப் பொருளுக்கு ஈஸ்ட்தான் மூலம். அதைத் திரும்ப உள்ளிழுத்து மாற்றிவிடுவதும் ஈஸ்ட்தான். அதற்கு நேரம் தர வேண்டும். 10 டிகிரியில் நொதிக்கும் லாகர் என்றால், முடிவுக்கு வரும் வேளையில் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் பீரை மூடிய கண்ணாடிக் குவளையில் எடுத்து, 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் மணத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பச்சை ஆப்பிள் வாடைக்கும் பெரும்பாலும் பொறுமைதான் மருந்து.

நனைந்த அட்டைப்பெட்டி வாடைக்குக் காற்று காரணம். நொதித்தல் தொடங்கும் முன் ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். முடிந்த பிறகு அதே ஆக்சிஜன் பீரைக் கிழடாக்கும். ஆகவே பாட்டிலில் நிரப்பும்போது சலசலக்க ஊற்றாமல், குழாயின் நுனி அடியைத் தொடும்படி வைத்து நிரப்ப வேண்டும். வெயில் பட்டால் வேறு தொல்லை: ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தைத் தரும். பழுப்பு பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும். பச்சை பாட்டிலால் அவ்வளவு முடியாது.

கலங்கலோடு காடி வாடையும், மேலே ஏடும், திறந்ததும் பீறிடும் நுரையும் சேர்ந்தால் அதுதான் பாஸ்டர் சொன்ன நோய். அதற்கு வைத்தியமில்லை. அழுத்தம் ஏறிய பாட்டில் வெடிக்கவும் கூடும் என்பதால் பத்திரமாகத் திறந்து கொட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாய்களைப் புதிதாக வாங்குங்கள். மற்ற குறைகளை அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம், வெப்பநிலையையும் நாளையும் குறித்துவைத்திருந்தால்.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் வாசகர்கள் இதைச் செய்துபார்க்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது இங்கே குற்றம்.

(தொடரும்)