யாரிடம் கையை நீட்டுவது?

பச்சை குத்த நல்ல ஆளைக் கண்டுபிடிக்கும் வழி

மகன் கல்லூரியில் படிக்கிறான். "கையில் பச்சை குத்தப் போகிறேன்" என்கிறான்.

அப்பா முறைக்கிறார். அம்மா, "வேண்டாம்டா, வலிக்கும்" என்கிறாள்.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி சிரிக்கிறாள். தன் கையைத் திருப்பிக் காட்டுகிறாள். முழங்கைக்குக் கீழே ஒரு கோலம். குத்தி 60 ஆண்டு ஆகிறது. இன்னும் அழியவில்லை!

இந்தக் காட்சி இன்று பல வீடுகளில் நடக்கிறது. பச்சை குத்துவதற்கு இப்போது "டாட்டூ" என்று பெயர். பெயர்தான் புதிது. வேலை பழையது.

பச்சை குத்தலாமா, வேண்டாமா? அது அவரவர் விருப்பம். ஆனால் குத்துவது என்று முடிவு செய்துவிட்டால், யாரிடம் கையை நீட்டுவது?

இதில் தவறினால் படம் மட்டும் கெடாது. ஈரலும் கெடலாம்!

பனியில் கிடந்த மனிதன்

பச்சை எத்தனை நாள் நிற்கும்?

1991ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா-இத்தாலி எல்லை அருகே, பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. அந்த மனிதன் இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டு ஆகிறது. பனியில் உறைந்ததால் உடல் அழுகவில்லை. தோலில் 61 இடங்களில் பச்சைக் குறிகள்! அவையும் அழியவில்லை.

காரணம் என்ன?

நம் தோலில் மேல் தோல், உள் தோல் என்று அடுக்குகள் உண்டு. மேல் தோல் நாள்தோறும் உதிர்கிறது, புதிதாக வளர்கிறது. மருதாணி சில வாரங்களில் மறைவது அதனால்தான்.

பச்சை குத்தும் ஊசி மேல் தோலைத் தாண்டிப் போகிறது. 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள் தோலில் மையை வைக்கிறது. உடம்பின் காவல் அணுக்கள் ஓடி வருகின்றன. மையை விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க அவற்றால் முடிவதில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. ஓர் அணு செத்தால், அது விட்ட மையை அடுத்த அணு பிடித்துக்கொள்கிறது.

ஆகவே, தாளில் எழுதியதுபோல் அழித்து எழுத முடியாது. லேசர் ஒளியால் மங்க வைக்கலாம். அதற்குப் பல தடவை போக வேண்டும். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே பல வாரம் காத்திருக்க வேண்டும். குத்தின செலவைவிட அழிக்கிற செலவு அதிகம்! சில நிறங்கள் எளிதில் போவதும் இல்லை.

பாட்டி காலத்து ஊசி

அந்தக் காலத்தில் குறவர் இனப் பெண்கள் பச்சை குத்த ஊர் ஊராக வருவார்கள். தெருத் திண்ணையில் உட்காருவார்கள். சிறுமிகளும் பெண்களும் கூடிவிடுவார்கள்.

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1906ல் வெளியான தம் நூலில் பச்சை குத்துவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்களிடம் இயந்திரம் இல்லை. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் தடவித் திரியாக்கி எரிப்பார்கள். அந்தக் கரிதான் மை. இரண்டு மூன்று தையல் ஊசிகளை நூலால் கட்டுவார்கள். அதுதான் கருவி. கோலம், தேள், பெயர் என்று கேட்டதைக் குத்துவார்கள். கைத்திறன் மிக்கவர்கள் அவர்கள்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது!

அதில் என்ன ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாது. உலகத்துக்கே தெரியாது. ஈரலைக் கெடுக்கும் "ஹெபடைடிஸ் பி" கிருமியை 1960களில்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். "ஹெபடைடிஸ் சி" கிருமி 1989ல்தான் தெரிந்தது. எய்ட்ஸ் கிருமி 1983ல் தெரிந்தது.

இன்று எல்லாம் தெரியும். ஆகவே இன்று "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

ஊரே போட்ட தடை

1891ல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி, மின்சாரத்தால் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். எடிசன் செய்த மின்சாரப் பேனாதான் அதற்கு வழிகாட்டி. வேலை வேகமானது. கடைகள் பெருகின.

அதே நியூயார்க் நகரம் 1961ல் பச்சை குத்தத் தடை போட்டது! பச்சைக் கடைகளால் ஈரல் நோய் பரவுகிறது என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். தடை 1997ல்தான் நீங்கியது.

ஹெபடைடிஸ் பி கிருமி பொல்லாதது. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், 7 நாள் வரைகூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும்.

நோய் உள்ளவர் நோயாளியாகத் தோன்ற மாட்டார். பல ஆண்டு நன்றாகவே நடமாடுவார். உங்களுக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் எப்படிப்பட்டவர்? பச்சை குத்துகிறவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இந்தியாவில், பச்சை குத்தியவரிடம் 12 மாதம் வரை ரத்த தானம் வாங்குவதில்லை. அதற்குக் காரணமும் இந்தப் பயம்தான்.

கடைக்குள் போனதும்

சுவரில் தொங்கும் படங்களை அப்புறம் பாருங்கள். முதலில் கையையும் ஊசியையும் பாருங்கள்.

ஊசி புதிதாக இருக்க வேண்டும். ஒட்டிய உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். உறையில் காலக்கெடு தேதி இருக்கும். படித்துப் பாருங்கள். "இப்போதுதான் பிரித்து வைத்தேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கை கழுவிவிட்டுப் புதுக் கையுறை போட வேண்டும். கையுறையோடு செல்போனை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையுறையோடு ஊசியைத் தொட்டால், எழுந்து வந்துவிடுங்கள்!

மயிரை மழிக்கும் பிளேடும் புதிதாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியைக் கெட்டியான பெட்டியில் போட வேண்டும். சாதாரணக் குப்பையில் போடுகிறவர் தெருக் கூட்டுகிறவரின் கையை நினைக்காதவர். உங்கள் கையை மட்டும் நினைப்பாரா?

சில கடைகளில் இரும்புப் பிடியை மறுபடியும் பயன்படுத்துவார்கள். அதைச் சுத்தம் செய்ய ஆட்டோகிளேவ் என்ற கருவி வேண்டும். பிரஷர் குக்கர் மாதிரி வேலை செய்யும். 121 டிகிரி சூடான நீராவியில் கிருமிகள் சாகும். வெந்நீரில் முக்கி எடுத்தால் போதாது. டெட்டால் போட்டுத் துடைத்தாலும் போதாது.

"ஆட்டோகிளேவ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்லவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். மற்றவர் கோபப்படுவார்.

மையும் முக்கியம்

ஆள் சுத்தமாக இருந்தால் போதுமா? போதாது!

2011ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் புண் கிளம்பியது. எல்லோரும் ஒரே ஆளிடம் குத்தியவர்கள். ஆராய்ந்தார்கள். குற்றம் மையில் இருந்தது! கலந்து புட்டியில் அடைத்து வந்த சாம்பல் நிற மையிலேயே கிருமி இருந்தது.

ஆகவே, மைப் புட்டியையும் பாருங்கள். தயாரித்தவர் பெயர், தேதி இருக்க வேண்டும். தேவையான அளவை மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் கலக்கவே கூடாது.

சிலருக்குச் சில மை ஒத்துக்கொள்ளாது. சிவப்பு மையால் அரிப்பு வருவது அதிகம்.

ஆறிய படம்

இனி, கைத்திறன்.

எல்லாரும் தாங்கள் குத்திய படங்களின் போட்டோக்களைக் காட்டுவார்கள். அவை அன்றே எடுத்தவை. அன்று எல்லாப் பச்சையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

"குத்தி ஒரு வருடம் ஆன படம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அங்கேதான் வண்டவாளம் வெளியாகும்! ஊசி அதிக ஆழம் போயிருந்தால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலம் பூத்திருக்கும். ஆழம் குறைந்திருந்தால் கோடு விட்டு விட்டுத் தெரியும். ஆறிய பிறகும் கோடு நேராக, ஒரே பருமனாக இருந்தால், கை தேர்ந்த கை.

முகம் குத்த வேண்டுமானால், அவர் குத்திய முகங்களைப் பாருங்கள். ரோஜாப் பூ நன்றாகக் குத்துகிறவருக்கு அப்பாவின் முகம் வரும் என்று சொல்ல முடியாது.

புள்ளி போனால்?

தமிழில் பெயர் குத்துகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்.

ஒரு புள்ளி விட்டுப் போனால் "அம்மா" என்பது "அமமா" ஆகிவிடும்! "அன்பு", "அனபு" ஆகும். சில கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து சிதறும். கொம்பு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் அதை அப்படியே குத்திவிடுவார்.

முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் இருவர் படித்துப் பார்க்கட்டும். பிறகு அச்சைக் கையில் ஒட்டியதும் கண்ணாடியில் பார்க்காமல் நேராகப் பாருங்கள். கண்ணாடி எழுத்தைத் திருப்பிக் காட்டும்.

எழுத்தை மிகவும் பொடியாகக் குத்தச் சொல்லாதீர்கள். நாள் ஆக ஆக மை சிறிது பரவும். "ழ"வின் சுழியும் "ண"வின் சுழியும் அடைத்துக்கொள்ளும்.

"வேண்டாம்" என்பவர் நல்லவர்

நல்ல ஆளுக்குப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. அவருக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தெரியும்!

18 வயது ஆகாதவர் வந்தால், "வேண்டாம், தம்பி" என்பார். குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவார். கர்ப்பிணிப் பெண் வந்தால், "குழந்தை பிறக்கட்டும், அம்மா" என்பார்.

சர்க்கரை நோய் உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா? காயம் ஆறினால் தழும்பு தடித்து வளர்கிறதா? இப்படி அவரே கேட்பார். "ஆம்" என்றால், "டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்பார்.

பழகி ஒரு மாதம் ஆன காதலியின் பெயரைக் குத்தச் சொன்னால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். ராணுவத்தில் சேர ஆசை உள்ள பையன் வந்தால், "உடம்பில் எங்கே பச்சை இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. பார்த்துவிட்டு வா" என்பார்.

இன்றே பணம் வாங்க நினைப்பவர் இப்படிப் பேச மாட்டார். "உடனே உட்காருங்கள், பாதி விலை" என்பார். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசலாம். ஊசிக்குப் பேரம் பேசக் கூடாது. குறைந்த விலையில் முதலில் குறைவது புது ஊசிதான்!

திருவிழாவில், கடற்கரையில், தூசி பறக்கும் இடத்தில் குத்துகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள். கை கழுவத் தண்ணீரே இல்லாத இடம் அது.

குத்திய பிறகு

வேலை முடிந்ததும் "போய் வாருங்கள்" என்று சொல்பவர் பாதி ஆள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லி அனுப்புகிறவர் முழு ஆள்.

சுத்தமான தண்ணீரும் காரம் குறைந்த சோப்பும் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். பொருக்கைச் சொறியக் கூடாது. ஆறும் வரை குளத்திலும் கடலிலும் குளிக்கக் கூடாது. வெயில் படாமல் மூட வேண்டும். சிவப்புப் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பு ஊசி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, பிறகு பச்சை குத்துவது புத்திசாலித்தனம். ஹெபடைடிஸ் சி நோய்க்குத் தடுப்பு ஊசி இல்லை. அதற்குப் புது ஊசி ஒன்றே காவல்.

பாட்டி கேட்ட கேள்வி

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

மகன் கடையின் பெயரைச் சொல்கிறான். படத்தைக் காட்டுகிறான். விலையைச் சொல்கிறான். அப்பா, "எவ்வளவு?" என்கிறார். அம்மா, "வலிக்குமா?" என்கிறாள்.

பாட்டி வெற்றிலை உரலைக் கீழே வைக்கிறாள்.

"ஊசி புதுசாடா?" என்கிறாள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அதற்குச் சரியான பதில் சொல்கிறவரிடம் கையை நீட்டலாம்.