பிள்ளை சொல்லாத குறை



பல ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையே எட்டிப் பார்ப்பான். கள்ளத்தனம் என்றெண்ணி, ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டேன். சில வாரங்களின் பின் மூக்குக் கண்ணாடியுடன் வந்தான். கடைசி வாங்கில் அமர்ந்தபடி பலகையைப் பார்த்துவிட்டு, "ஹஸரத், எல்லாருக்கும் எழுத்து இப்படித்தான் தெரியுமா?" என்று கேட்டான். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அவன் குறை சொல்லாததன் காரணம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மங்கலாகத் தெரிவதுதான் பார்வை என்று அவன் நினைத்திருந்தான். பிள்ளை சொல்லமாட்டாது, நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

குறும்பார்வை என்பது என்ன?

பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதை, பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். அவ்வொளி கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் குவிந்தால் பார்வை தெளிவாக இருக்கும். வளர்ந்தவரின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமானது. அது சற்று நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும். தூரத்துப் பலகை மங்கும். இதுவே குறும்பார்வை. கிட்டப்பார்வை என்றும் கூறுவர்.

நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த குழிவு வில்லை, ஒளியைச் சற்று விரித்து அனுப்புகிறது. அதனால் ஒளி சரியாக விழித்திரையில் குவிகிறது. டாக்டரின் துண்டில் 'மைனஸ் 2' என்றிருந்தால், கண்ணாடியின்றி அரை மீற்றர் வரையே அக்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது பொருள்.

தவறான எண்ணங்கள்

"கண்ணாடி போட்டால் பவர் ஏறும்" என்பர். பவர் ஏறுவது பிள்ளை வளர்கையில் விழிக்கோளமும் நீள்வதால், கண்ணாடியால் அல்ல. கரட் உடலுக்கு நல்லதுதான். ஆனால் நீண்ட கண்ணை அது குறுக்காது. "பெண்பிள்ளைக்குக் கண்ணாடியா? நாளை கலியாணம் பேசும்போது என்ன சொல்வார்கள்?" என்று தயங்கும் தாய்மாரும் உண்டு. நாளைய பேச்சுக்கு அஞ்சி இன்றைய படிப்பை மங்க விடுவது நியாயமா?

கவனிக்க வேண்டியவை

கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தொலைக்காட்சிக்கு மிக அருகில் அமர்தல், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தல், பலகையிலுள்ளதைப் பிழையாக எழுதுதல் ஆகியன அடையாளங்கள். பெற்றோருக்கு இக்குறை இருப்பின் கூடுதல் கவனம் தேவை.

தினமும் 2 மணி நேரமளவு பகல் வெளிச்சத்தில் பிள்ளை வெளியே விளையாடட்டும். குறும்பார்வை தொடங்குவதை இது தள்ளிப்போட உதவுகிறது. புத்தகமும் கைத்தொலைபேசியும் முகத்துக்கு மிக அருகில் வேண்டாம். கண்ணாடி அணியும் பிள்ளையை ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும். பவர் ஏறுவதை மெதுவாக்கும் சொட்டு மருந்துகளும் விசேட வில்லைகளும் இன்று உண்டு; அவற்றைக் கண் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். லேசர் சிகிச்சை பவர் நிலைபெற்ற பெரியவர்களுக்கே உரியது.

பவர் மிகக் கூடியவர்களுக்குத் திடீரென மின்னல் போன்ற ஒளியோ, நிறையக் கரும்புள்ளிகளோ, திரை விழுந்தது போன்ற நிழலோ தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விழித்திரை கழன்றிருக்கலாம்.

சகோதரிகளே, இன்று மாலை பிள்ளையோடு வாசலில் நில்லுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் மறு கண்ணைப் பொத்தி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிவது பிள்ளைக்குத் தெரியாவிட்டால் ஏசாதீர்கள். கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.