ஒரு ராஜிநாமாக் கடிதம் தந்த பாடம்

1957-லும் 1962-லும் வட பம்பாய்த் தொகுதி மக்கள் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தனுப்பியவர் வி. கே. கிருஷ்ண மேனன். இரண்டாம் முறை ஆசார்ய கிருபளானியை அவர் வென்ற தேர்தல் மாதுங்கா முதியோர் சிலருக்கு இன்றும் நினைவிருக்கலாம். நமது நகரத்தின் பிரதிநிதியாகிய அவர் பாதுகாப்பு மந்திரியாக விளங்கிய காலத்தில் நேர்ந்த ஒரு பிணக்கு, சிந்திக்கத் தக்கது.

அக்காலத்தில் தரைப்படைத் தலைவராக இருந்தவர் குடகு நாட்டு வீரர் ஜெனரல் திம்மய்யா. 1948-இல் காஷ்மீரத்துச் சோஜி லாக் கணவாயில் டாங்கிகளை ஏற்றி வெற்றி கண்டவர். உயர் அதிகாரிகளின் பதவி உயர்வில் மந்திரி தலையிடுகிறார் என்பது அவருடைய மனக்குறை. அதனைப் பிரதம மந்திரி நேருவிடம் அவர் முறையிட, மேனன் சினந்தார். 1959 ஆகஸ்டு 31-இல் திம்மய்யா ராஜிநாமாக் கடிதம் அனுப்பினார். நேரு அவரை அழைத்து இணங்கவைக்கவே, அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனினும் செய்தி வெளியாகி நாடெங்கும் பரபரப்பு மூண்டது.

அந்தப் பரபரப்புக்குக் காரணமில்லாமலில்லை. முந்திய ஆண்டு அக்டோபரில்தான் பாகிஸ்தானத்தில் ஜெனரல் அயூப்கான் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். பின்னர், 1962 ஜனவரியில், இலங்கையிலும் படை, போலீஸ் அதிகாரிகள் சிலர் தீட்டிய சதி முளையிலேயே கிள்ளப்பட்டது. புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளுக்கு வாளேந்தியவன் அரியணை ஏறும் அபாயம் அத்துணை அண்மையில் இருந்தது.

செப்டம்பர் 2-இல் நேரு பாராளுமன்றத்தில் இரண்டு உண்மைகளை எடுத்துரைத்தார். மக்கள் அரசின் அதிகாரமே மேலானது என்பது ஒன்று. வல்லுநர் கூறும் ஆலோசனைக்கு அவ்வரசு செவிசாய்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதலாவதை நாடு காத்தது. இரண்டாவதோ நழுவிப்போயிற்று. 1961-இல் திம்மய்யா ஓய்வு பெற்றார். போர்க்களத்தில் பெரும்படை நடத்திப் பழகாத ஜெனரல் கவுல், 1962 அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் பொறுப்பேற்றார். அம்மாதம் 20-ஆம் தேதி சீனப் படை பாய்ந்தது. தக்க குளிராடையுமின்றி நம் வீரர்கள் பனிமலையில் மடிந்தனர். நவம்பரில் மேனன் மந்திரி சபையை விட்டு விலகினார். திம்மய்யா ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைத் தளபதியாகச் சைப்ரஸ் சென்று, 1965-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

அரசுரிமைக்கு ஆசைப்படாத சேனையைப் பெற்றது பாரதத்தின் பாக்கியம். ஆயினும் படைவீரன் பணிவது மட்டும் போதாது; ஆள்வோன் கேட்கவும் வேண்டும். பெரியாரைத் துணைக்கோடல் என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது வீணுக்கன்று. கட்டளையிடும் உரிமை எவரிடம் உள்ளதோ, செவிசாய்க்கும் கடமையும் அவரிடமே உள்ளது.