நரம்பைக் கொல்லாமலே பல்லைக் காப்பாத்த முடியுமா?

கொஞ்ச நாளாவே உங்ககிட்டேருந்து ஒரே மாதிரியான கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. "டாக்டர், சொத்தை ஆழமா போயிடுச்சாம், நரம்பைத் தொட்டுடுச்சாம். ரூட் கேனால் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. வேற வழியே இல்லையா?" கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இருபதுகள்ல இருக்கிறவங்க.

ஒரு பல் டாக்டரா என் பதில் இதுதான்: சிலருக்கு வேற வழி இருக்கு, சிலருக்கு இல்லை. நீங்க எந்தப் பக்கம்னு எதை வெச்சு முடிவு பண்றோம்? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

நாம 'நரம்பு'ன்னு சொல்றது என்ன?

பல்லோட வெளி ஓடு எனாமல். அதுக்குள்ள டென்டின். அதுக்கும் உள்ளே ஒரு சின்ன அறை, அங்கேருந்து வேர்களுக்குள்ள இறங்குற குறுகலான குழாய்கள். இந்த இடம் முழுக்க மென்மையான உயிருள்ள சதை இருக்கு. அதுக்குப் பேர் பல்ப். தமிழ்ல பற்கூழ். அதுல நரம்பு மட்டும் இல்லை. ரத்தக் குழாய் இருக்கு, கிருமியோட சண்டை போடுற செல்கள் இருக்கு, ஓரத்துல வரிசையா டென்டினை உண்டாக்குற செல்களும் இருக்கு.

அந்தக் கடைசி வகை செல்கள் முக்கியம். சொத்தை வெளியிலேருந்து நெருங்கி வரும்போது, அவை உள்பக்கமா புது டென்டினைப் பூசிக்கிட்டே போகும். மழைத் தண்ணி ஊறுற சுவருக்கு உள்ளேருந்து ஒருத்தர் சிமென்ட் பூசுற மாதிரி. அதாவது, பல்லுக்குத் தன்னைத் தானே காப்பாத்திக்கிற திறமை கொஞ்சம் இருக்கு. உயிரோட இருக்கிற வரைக்கும்.

பிரச்சினை என்னன்னா, பல்ப் இருக்கிறது ஒரு கெட்டியான பெட்டிக்குள்ள. கால் சுளுக்கினா வீங்க இடம் இருக்கு. பல்லுக்குள்ள இடமே இல்லை. ரத்தம் வந்து போறதுக்கு வேர் நுனியில இருக்கிற மிகச் சின்ன ஓட்டைதான் முக்கியமான வழி. அதனால உள்ளே அழற்சி வந்தா அழுத்தம் ஏறும். ராத்திரி படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும். வலி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். "பகல்ல பரவாயில்லை டாக்டர், படுத்தாதான் உயிர் போகுது"ன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

வலி சொல்ற சேதி

வலியை நாங்க மூணு வகையா கேட்போம்.

ஒண்ணு: ஐஸ் வாட்டர் பட்டா சுருக்குன்னு இழுக்கும், எடுத்ததும் சில நொடியில போயிடும். பல்ப் எரிச்சலா இருக்கு, ஆனா திரும்பி வர்ற நிலைமை. சொத்தையை எடுத்து ஒழுங்கா அடைச்சா பெரும்பாலும் போதும்.

ரெண்டு: ஜில்லுன்னு எதாவது பட்ட பிறகு வலி அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு நிக்கும். சூடா காபி குடிச்சா அதிகமாகும். சும்மா இருக்கும்போதே வலிக்கும், தூக்கத்துலேருந்து எழுப்பும். அழற்சி ஆழமா போயிருக்கு.

மூணு: ஒரு வாரம் உயிர் போற மாதிரி வலிச்சது, திடீர்னு நின்னுடுச்சு. நிறைய பேர் இதைச் "சரியாயிடுச்சு"ன்னு எடுத்துக்கிறாங்க. பெரும்பாலும் நடந்தது வேற. பல்ப் செத்துப் போச்சு, அதனால வலியைச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கும். அப்புறம் ஒரு நாள் கன்னம் வீங்கும்.

கிராம்புத் தைலம் வெச்சா குறையுதேன்னு கேட்கலாம். கிராம்புல இருக்கிற யூஜினால் நரம்பை மந்தமாக்கும், அது உண்மை. ஆனா சொத்தைக்குள்ள இருக்கிற கிருமி அங்கேயேதான் இருக்கும். தைலத்தை நேரா ஈறுல ஊத்தினா புண்ணாகும். மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போடுற ஆன்டிபயாடிக்கும் பல்ப் அழற்சி வலியைக் குறைக்காது.

மாறின விதி

ரொம்ப காலமா விதி எளிமையா இருந்தது. ரெண்டாவது வகை வலின்னா பல்ப் மீளாது, முழுசா எடுத்துட்டு ரூட் கேனால். ஆனா பல்ப் ஒரே அடியா கெட்டுப் போறதில்லை. சொத்தை தொட்ட மேல்பகுதி கெட்டிருக்கும்போது, வேருக்குள்ள இருக்கிற பகுதி நல்லாவே இருக்கலாம். வாழைப்பழத்துல ஒரு முனை அழுகினா அதை வெட்டிட்டு மீதியைச் சாப்பிடுவோமே, அந்த மாதிரி.

இதுக்கான ஒரு பெரிய தடயம் 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூணு பேரும் எலிகளை வெச்சு செஞ்ச ஆய்வுல கிடைச்சது. சாதாரண எலிகளோட பல்லைத் துளைச்சு பல்ப்பைத் திறந்து விட்டாங்க. பல்ப் செத்துப் போச்சு. கிருமியே இல்லாத சூழல்ல வளர்த்த எலிகளுக்கும் அதையே செஞ்சாங்க. உணவுத் துணுக்கு உள்ளே போய் அடைச்சும் பல்ப் சாகலை. ஓட்டைக்கு மேல புது டென்டின் பாலமே கட்டிடுச்சு. அப்போ பல்ப் திறந்ததை விட, உள்ளே போற கிருமிதான் எதிரி.

ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019-லும், அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கம் 2021-லும் வெளியிட்ட நிலைப்பாடுகள்ல, பல்ப்போட உயிருள்ள பகுதியைக் காப்பாத்துற சிகிச்சைக்கு முக்கிய இடம் கொடுத்திருக்காங்க. ஈரான்ல 400-க்கும் மேற்பட்டவங்களை வெச்சு, ரெண்டாவது வகை வலி இருந்த கடைவாய்ப் பற்கள்ல ரூட் கேனாலையும் இந்தச் சிகிச்சையையும் அஞ்சு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இது ரூட் கேனாலுக்குக் குறைஞ்சதா இல்லைன்னு வந்தது.

நாற்காலியில என்ன நடக்கும்?

இதை ஒரு ஏணி மாதிரி நினைச்சுக்குங்க. எவ்வளவு கீழ இறங்கணுமோ அவ்வளவுதான் இறங்குவோம்.

முதல் படி: பல்ப்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கடைசித் துளி மெத்துன்னு இருக்கிற டென்டினை வேணும்னே விட்டுட்டு, சுத்தி இருக்கிற சொத்தையை முழுசா எடுத்து இறுக்கமா மூடுறது. சாப்பாடு கிடைக்காம கிருமி முடங்கிடும். 'சொத்தையை விட்டுட்டாரே'ன்னு பயப்படாதீங்க, அது கணக்குப் போட்டு விட்டது.

ரெண்டாவது: பல்ப் துளியூண்டு திறந்துடுச்சுன்னா அதுக்கு மேல மருந்து வெச்சு மூடுறது. மூணாவது: மேலாப்புல சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி எடுக்கிறது. நாலாவது: அறையில இருக்கிற பல்ப்பை முழுசா எடுத்துட்டு, வேருக்குள்ள இருக்கிறதை உயிரோட விடுறது. இதுக்குப் பேர் பல்பாட்டமி. அதுக்கும் கீழதான் ரூட் கேனால்.

எந்தப் படியில நிக்கிறதுன்னு உள்ளே வர்ற ரத்தம் சொல்லும். நறுக்கின இடத்துல, சோடியம் ஹைப்போகுளோரைட்ல நனைச்ச பஞ்சை வெச்சுக் காத்திருப்போம். சில நிமிஷத்துல ரத்தம் நின்னா மிச்சம் இருக்கிற பல்ப் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம். நிக்காம ஊறிக்கிட்டே இருந்தா இன்னும் கொஞ்சம் கீழ போகணும். ரத்தமே வரலைன்னா அங்க உயிர் இல்லை, ரூட் கேனால்தான்.

இந்த நேரம் முழுக்க பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் ஷீட் மாட்டியிருப்போம். எச்சில்ல இருக்கிற கிருமி உள்ளே போகக் கூடாது இல்லையா? எலி ஆய்வோட பாடம் இங்கதான் வேலை செய்யுது.

அப்புறம் மூடுற மருந்து. 1920-கள்லேருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு இருந்தது. ஆனா அது நாளாக நாளாகக் கரையும், அதுக்குக் கீழ உண்டாகுற டென்டின் பாலத்துல பொத்தல்கள் இருக்கும். 1990-கள்ல கலிஃபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல டாக்டர் மஹ்மூத் தொராபிநெஜாத் எம்.டி.ஏ-வைக் கொண்டு வந்தார். சொன்னா சிரிப்பீங்க, அதோட அடிப்படை வீடு கட்டுற போர்ட்லாண்ட் சிமென்ட். சுத்திகரிச்சு, எக்ஸ்-ரேயில தெரியுற மாதிரி பொருள் சேர்த்தது. ஈரத்துலேயே இறுகும். ஆனா இறுக மணிக்கணக்காகும், பல் நிறமும் கறுக்கலாம். பிறகு வந்த பயோடென்டின் சுமார் 12 நிமிஷத்துல இறுகிடும்.

ஒரு மாசத்தோட விலை

இப்போ ரெண்டு பேரை யோசிங்க. கிளினிக்ல அடிக்கடி பார்க்கிற ரகம்தான். ரெண்டு பேருக்கும் 22 வயசு, ரெண்டு பேருக்கும் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல், ரெண்டு பேருக்கும் ராத்திரி வலி. ஒருத்தர் மூணாவது நாளே வர்றார். திறந்தா நல்ல சிவப்பு ரத்தம், அஞ்சு நிமிஷத்துல நிக்குது. பல்பாட்டமி, மருந்து, அன்னிக்கே ஃபில்லிங். இன்னொருத்தர் ப்ராஜெக்ட் டெட்லைன்னு ஒரு மாசம் வலி மாத்திரையில ஓட்டுறார். வலி தானா நிக்குது. மறுபடி வரும்போது பல்லைத் திறந்தா உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரூட் கேனால், அப்புறம் கேப். ரெண்டு பேருக்கும் சொத்தை ஒண்ணுதான். வித்தியாசம் அந்த ஒரு மாசம்.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். அந்த முதல் கடைவாய்ப் பல் ஆறு வயசுல முளைச்சது. பால் பல்லுன்னு நினைச்சு வீட்ல கண்டுக்காம விட்டிருப்பாங்க. இனி அது இன்னும் ஐம்பது வருஷம் மெல்லணும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் கொஞ்சம் பல் போகும். உயிருள்ள பல் மறுபடி சொத்தை வந்தா உங்களுக்குச் சொல்லும். பல்ப் முழுசா போன பல் சொல்லாது.

அதே சமயம் ரூட் கேனாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்ப் செத்திருந்தா, சீழ் கட்டியிருந்தா, பல்லைப் புடுங்காம காப்பாத்துறது அதுதான். பல் வேர் வரைக்கும் பிளந்திருந்தா எதுவுமே உதவாது. பல்பாட்டமியும் எல்லாருக்கும் பலிக்காது. தோத்தா பிறகு ரூட் கேனால் செய்யலாம், ஆனா சில சமயம் வேர்க்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு குறுகி, அந்த வேலை கஷ்டமாகும். அதனால ஆறு மாசத்துல, ஒரு வருஷத்துல எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறதைத் தட்டிக் கழிக்காதீங்க.

டாக்டர்கிட்ட என்ன கேட்கலாம்?

"பல்ப் உயிரோட இருக்கான்னு குளிர் வெச்சுப் பார்த்தீங்களா?" "எக்ஸ்-ரேயில வேர் நுனி எப்படி இருக்கு?" "என் பல்லுக்கு பல்பாட்டமி ஒத்து வருமா, வராதுன்னா ஏன்?" "ரப்பர் ஷீட் போட்டுச் செய்வீங்களா?" "நிரந்தர ஃபில்லிங் எப்போ?" கடைசிக் கேள்வியை மறக்காதீங்க. உள்ளே எவ்வளவு நல்லா செஞ்சாலும் மேல மூடி ஒழுகினா கிருமி திரும்பி வரும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாங்க. "திறந்து பார்த்துட்டுதான் சொல்ல முடியும்"னு பதில் வரலாம். அது நழுவுற பதில் இல்லை. உள்ளே வர்ற ரத்தத்தைப் பார்த்துதான் முடிவு பண்ண முடியும்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

இதைக் கேட்கும்போதே ஒரு பக்கமா மென்னுக்கிட்டு இருக்கீங்கன்னா, நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுங்க. வலி இருக்கும்போதே போங்க, நின்ன பிறகு இல்லை. கன்னமோ கழுத்தோ வீங்கி காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, விழுங்க கஷ்டமா இருந்தாலோ, நாளைக்குன்னு கூட வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அடுத்த எபிசோட்ல ஞானப்பல்லைப் பத்திப் பேசலாம். கேள்விகளை அனுப்புங்க.